3001: ஒரு சிவப்புக் கட்டையின் பயணம்

நீளம் 32 மில்லிமீட்டர், அகலம் 16, உயரம் 9.6. எடை இரண்டரை கிராமுக்கும் குறைவு. மேலே எட்டுக் குமிழ்கள், அடியில் மூன்று குழல்கள். டென்மார்க் நாட்டு லெகோ கம்பெனியின் கணக்கில் இந்த அச்சுக்கு எண் 3001. சிவப்பில் வார்த்தால் 300121. இந்தக் கட்டைக்கு இரண்டு பிறப்பு உண்டு. முதல் பிறப்பு தொழிற்சாலையில். இரண்டாவது, பல வருஷம் கழித்து, யாரோ ஒரு பெரியவர் அதைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவி, எண் பார்த்து, விலை போட்டு வைக்கிற மேஜையில். 2019 நவம்பர் 26 அன்று, அந்த இரண்டாவது பிறப்பு நடக்கிற சந்தையையும் கம்பெனியே விலைக்கு வாங்கப்போவதாக அறிவித்தது.

பரவையில், மொத்தக் காய்கறிச் சந்தை இருக்கிற ஊரில் வாழ்கிறவன் நான். சந்தை யார் கையில் இருக்கிறது என்பது விளைவித்தவனையும் வாங்குகிறவனையும் எவ்வளவு தொடும் என்று பார்த்து வளர்ந்தவன். அதனால்தான் இந்தச் செய்தியைப் பொம்மை வியாபாரச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

கட்டையின் பிறந்த ஊர் பில்லுண்ட். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் 1932-இல் மரப் பொம்மை செய்ய ஆரம்பித்தார். ஊரில் பணப்புழக்கம் வற்றிப்போன காலம். வீடு கட்டும் வேலைக்கு ஆள் கூப்பிடுவார் இல்லை, சின்னச் சின்ன மரச்சாமான் செய்தாவது பிழைப்போம் என்று இறங்கினார். 1949-இல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. அந்தக் கட்டையின் வடிவம் முழுக்க அவர் கண்டுபிடித்ததல்ல. இங்கிலாந்தில் ஹிலரி பிஷர் பேஜ் என்பவர் தம் கிட்டிகிராஃப்ட் கம்பெனியில் செய்துவந்த கட்டைகளைப் பார்த்து உருவானது. பேஜ் 1957-இல் இறந்துபோனார். கிட்டிகிராஃப்ட் கட்டைகளின் உரிமையை லெகோ பிற்பாடு, 1981-இல், பணம் கொடுத்து வாங்கிக்கொண்டது. பிறப்புச் சான்றிதழில் பேஜின் பெயரும் இருக்கவேண்டும் என்பது என் கட்சி.

ஆரம்பக் கட்டைகளுக்கு உள்ளே குழல் கிடையாது, வெறும் பொந்து. அடுக்கலாம், ஆனால் பிடிப்பு நிற்காது. ஓலேயின் மகன் காட்பிரெட் 1958 ஜனவரி 28 அன்று உள்ளே குழல் வைத்த வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு மனு போட்டார். மேலேயிருக்கும் குமிழ், கீழேயிருக்கும் குழலுக்கும் சுவருக்கும் நடுவில் இறுகி நிற்கும். கை பிரித்தால்தான் பிரியும். 1963 வாக்கில் ஏபிஎஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். மணிமணியாக வரும் பிளாஸ்டிக்கைச் சுமார் 230 டிகிரியில் உருக்கி, அச்சுக்குள் அழுத்தி, ஆறவைத்துத் தள்ளுகிறார்கள். அச்சின் துல்லியம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாய்ப் பிரித்தால் அதில் சில பங்கு. அந்தத் துல்லியம் இருப்பதால் 1958-இல் வார்த்த கட்டையும் இந்த வருஷம் வார்த்த கட்டையும் இன்றும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். ஒரே நிறத்தில் இப்படி ஆறு கட்டை இருந்தால் 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணித ஆசிரியர் ஒருவர் கணினி வைத்து எண்ணிச் சொல்லியிருக்கிறார்.

பெட்டிக்குள் ஏறி, கடைக்கு வந்து, பிறந்தநாள் பரிசாகி, பிள்ளை கையில் வீடாகவும் லாரியாகவும் ஆகி, பிறகு பரணுக்குப் போகிறது. பெரும்பாலான பொம்மைகளின் கதை இங்கே முடிந்துவிடும். சக்கரம் கழன்ற காரை யாரும் தேடி வாங்குவதில்லை. லெகோ கட்டை அப்படியல்ல. தேயாது, உடைவது அரிது, வெயில் பட்டால் வெள்ளைக் கட்டை மஞ்சளிக்கும், அவ்வளவுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டு அலசினால் புதுசு. இருபது வருஷம் கழித்தும் அதே வேலையைச் செய்யத் தயாராக இருக்கிற பொருளுக்குச் சந்தை பிறக்காமல் இருக்குமா?

வாங்குகிறவர்கள் யார் என்றால், வளர்ந்தவர்கள். வேலைக்குப் போகிற, பிள்ளை பெற்ற, சிலர் ஓய்வும் பெற்ற ஆட்கள். தங்கள் ஊர் ரயில் நிலையத்தையோ ஒரு பழைய கோட்டையையோ கட்டையால் கட்டிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அதற்கு அடர் சிவப்பில் ஒரே மாதிரி 400 கட்டை வேண்டும். கடையில் கிடைக்கிற பெட்டி ஒவ்வொன்றிலும் அது ஐந்தோ ஆறோதான் இருக்கும். எண்பது பெட்டி வாங்கவா முடியும்? இந்த இடைவெளியில் ஒரு தொழில் முளைத்தது. பெட்டியை வாங்குவார்கள், பிரித்து, துண்டு துண்டாக வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் விலை வைப்பார்கள். வீட்டின் ஓர் அறை முழுக்கச் சின்னச் சின்ன டப்பா, ஒவ்வொன்றிலும் ஒரு எண். பெட்டியின் மொத்த விலையைவிட உதிரியாக விற்றால் கூடக் கிடைக்கும். 2003-இல் வந்த ஒரு ஸ்டார் வார்ஸ் பெட்டியின் விலை 100 டாலர். அதிலிருந்த போபா ஃபெட் என்ற சின்ன உருவம் மட்டும் இன்று அதைப்போலப் பல மடங்குக்கு விலை போகிறது. மாஸ்கோவின் உயர் பொருளாதாரப் பள்ளி ஆய்வாளர்கள் இருவர் 1987 முதல் 2015 வரை வந்த 2,322 பெட்டிகளின் மறுவிற்பனையைக் கணக்கிட்டு, ஆண்டுக்குச் சராசரி 11 சதவீதத்துக்குக் குறையாமல் விலை ஏறியிருக்கிறது என்றார்கள்.

வளர்ந்தவர்கள் பொம்மை சேர்ப்பதை மதுரைக்காரர்கள் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். நவராத்திரி வந்தால் பாட்டியும் மருமகளும் பரண் ஏறி மரப்பாச்சியை இறக்குகிற ஊர் இது. விளாச்சேரியில் மண்ணிலும் காகிதக் கூழிலும் கொலு பொம்மை செய்கிற குடும்பங்கள் தலைமுறையாக இருக்கின்றன. புதுமண்டபத்துக் கடைகளில் சொப்புச் சாமான் வாங்கினவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்கென்று சொல்லி வாங்கிய பெரியவர்கள். ஆனால் தசாவதார வரிசையில் வராகம் உடைந்துவிட்டால், அதே அச்சில், அதே உயரத்தில், அதே வண்ணத்தில் ஒற்றை வராகத்தைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. லெகோ சேர்க்கிறவர்களுக்கு அந்தப் பாட்டைத் தீர்த்துவைத்தவர் ஓர் இளைஞர்.

அவர் பெயர் டான் ஜெசெக். 2000-இல், தமது இருபதுகளின் தொடக்கத்தில், லெகோ உதிரிகளை விற்கவும் வாங்கவும் ஓர் இணையச் சந்தையைத் தொடங்கினார். முதலில் வைத்த பெயர் பிரிக்பே. ஈபே கம்பெனியின் பெயரோடு உரசியதால் 2002-இல் பிரிக்லிங்க் என்று மாற்றினார். சந்தை அவர் ஒருவர் கையில் ஓடியது. விற்கிறவர்களிடம் வசூலித்த கட்டணம் சாதாரண ஆர்டர்களுக்கு 3 சதவீதம். கமிஷன் மண்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், அவ்வளவு குறைச்சல்.

அந்தச் சந்தையின் உயிர் கட்டணத்தில் இல்லை, அட்டவணையில் இருந்தது. கதையில் நான் நின்று பார்க்க விரும்புகிற இடம் இதுதான்.

சந்தை ஓட வேண்டுமானால், நாகர்கோவில்காரர் 'எட்டுக் குமிழ்ச் சிவப்பு' என்று கேட்பதும் நெதர்லாந்துக்காரர் எடுத்து வைப்பதும் ஒரே பொருளாக இருக்கவேண்டும். அதற்கு லெகோ இதுவரை வார்த்த ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண், ஒரு பெயர், ஒரு படம், எடை, எந்தெந்தப் பெட்டியில் எத்தனை வந்தது என்ற கணக்கு எல்லாம் வேண்டும். கம்பெனி அப்படி ஒன்றை அப்போது பொதுவில் வைத்திருக்கவில்லை. உறுப்பினர்களே எழுதினார்கள். சம்பளம் கிடையாது. பெட்டி திறந்து, துண்டு துண்டாக எண்ணி, தராசில் நிறுத்து, படம் எடுத்துப் போட்டார்கள். 1958-க்கு முந்திய குழல் இல்லாத கட்டையும் பிந்திய கட்டையும் மேலேயிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். கவிழ்த்துப் பார்த்து, பழையதற்கு '3001ஓல்ட்' என்று தனி எண் கொடுத்தார்கள். 2004 வாக்கில் கம்பெனி தன் சாம்பல் நிறங்களைச் சற்று நீலம் கலந்ததாக மாற்றிற்று. பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது. பாதிக் கோட்டை கட்டி வைத்திருந்த பெரியவர்களுக்கு வயிறு எரிந்தது. அட்டவணை எழுதியவர்கள் பழைய சாம்பல், புதுச் சாம்பல் என்று இரண்டையும் பிரித்து எழுதினார்கள். அந்தப் பிரிவினால்தான் பழைய சாம்பலுக்குத் தனி விலை உண்டாயிற்று.

நிறங்களுக்குக்கூட அவர்கள் தனி எண் வைத்தார்கள். நம்முடைய சிவப்பு, கம்பெனிக் கணக்கில் 21, பிரிக்லிங்கில் 5. கறுப்பு அங்கே 26, இங்கே 11. ஒரே பொருளை உண்டாக்கியவன் ஒரு கணக்கும் புழங்கியவன் வேறு கணக்கும் வைத்திருந்தார்கள். உலகம் முழுவதும் கை மாறியது புழங்கியவர்களின் கணக்குப்படிதான். கூடவே கடந்த ஆறு மாதத்தில் எந்தத் துண்டு என்ன விலைக்குப் போயிற்று என்பதும் எல்லாருக்கும் தெரியும்படி அங்கே இருந்தது. ஏமாற்ற வழி குறைவு. முகம் தெரியாத ஆளை நம்பிப் பணம் அனுப்பினார்கள், கட்டை வந்து சேர்ந்தது.

2010-இல் டான் ஜெசெக் இறந்துபோனார். வயது 33. பெற்ற தாய் எலிஷ்கா ஜெஸ்கோவா மகன் விட்டுப்போன சந்தையைக் கையில் எடுத்து நடத்தினார். மகன் எழுதிய நிரல்களோடும் அவர் சேர்த்துவைத்த ஆட்களோடும் ஏறத்தாழ மூன்று வருஷம் ஒரு தாய் தாக்குப்பிடித்ததை இந்தக் கதை சொல்கிறவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்த மூன்று வருஷம் இல்லாவிட்டால் பிற்பாடு விற்கவும் வாங்கவும் அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

அதே 2010-இல் இன்னொன்றும் நடந்தது. காப்புரிமைகள் எப்போதோ காலாவதியாகிவிட்ட நிலையில், எட்டுக் குமிழ்க் கட்டையின் வடிவத்தையே வணிகச் சின்னமாகப் பதிந்துகொள்ள லெகோ பல வருஷம் வழக்காடியது. கனடா உச்ச நீதிமன்றம் 2005-இல் ஒப்புக்கொள்ளவில்லை. 2010 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் கைவிரித்தது: ஒரு தொழில்நுட்ப வேலையைச் செய்வதற்காக அமைந்த வடிவத்தை ஒருவர் என்றென்றைக்கும் தமதாக்கிக்கொள்ள முடியாது என்று தீர்ப்பு. கட்டையின் வடிவம் இனி ஊருக்குப் பொது. கம்பெனியிடம் மிஞ்சியது பெயரும், அச்சின் துல்லியமும், அறுபது வருஷத்து வாடிக்கையும்தான்.

தாயிடமிருந்து 2013-இல் சந்தையை வாங்கியவர் தென்கொரியாவின் கிம் ஜுங்-ஜு. நெக்ஸான் என்ற இணைய விளையாட்டுக் கம்பெனியைத் தொடங்கிப் பெரும் செல்வரானவர். லெகோ பித்தும் உண்டு. அவர் காலத்தில்தான் 'ஸ்டுடியோ' என்ற இலவச மென்பொருள் வந்தது. கட்ட நினைப்பதை முதலில் கணினித் திரையில் கட்டிப் பார்க்கலாம். எந்தத் துண்டு எத்தனை வேண்டும் என்ற பட்டியல் தானே வந்துவிடும். அந்தப் பட்டியலோடு சந்தைக்குப் போய் வாங்கலாம். 2018-இல், குழல் வைத்த கட்டைக்கு அறுபது வயது ஆனதை ஒட்டி, ரசிகர்கள் வடிவமைத்த பெட்டிகளை வெளியிடும் திட்டத்தைக் கம்பெனியும் சந்தையும் சேர்ந்து தொடங்கின. கல்யாணப் பேச்சு அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

மறு வருஷம் கை மாறியது. விற்றது கிம்மின் முதலீட்டு நிறுவனமான என்எக்ஸ்எம்எச். விலையை வெளியே சொல்லவில்லை. அப்போது சந்தையில் 10 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள், 70 நாடுகளில் 10,000-க்கு மேல் கடைகள். கட்டைத் துண்டுகளைச் சிறு அளவில் வார்த்துவந்த சோஹோபிரிக்ஸ் என்ற பட்டறையும் கூடவே கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. வளர்ந்த ரசிகர்களோடு நெருக்கமாவதுதான் நோக்கம் என்றது லெகோ. அதை நான் நம்புகிறேன். 2004 வாக்கில் திவாலின் விளிம்பு வரை போய் வந்த கம்பெனி அது. அந்த நெருக்கடியில் கைவிடாமல் வாங்கிக்கொண்டிருந்தவர்களில் பெரியவர்களும் உண்டு. 2020-இலிருந்து '18 வயதுக்கு மேல்' என்று அட்டையில் போட்டே பெட்டிகள் வருகின்றன. இந்தப் போக்கு லெகோவோடு நிற்கவில்லை. ஹாஸ்ப்ரோ 2022-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்கள் கூடும் டி அண்ட் டி பியாண்ட் தளத்தை 14.63 கோடி டாலருக்கு வாங்கிற்று. விளையாட்டுச் சீட்டு சேர்ப்பவர்களின் சந்தையான டிசிஜிபிளேயர் அதே வருஷம் ஈபேயிடம் போயிற்று. பொம்மைப் பணம் இப்போது பெரியவர்களின் சட்டைப்பையில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

பிரிக்லிங்க் லெகோவிடம் கைமாறியபோது பரவையில் ஒருவர் ஐம்பது சிவப்புக் கட்டைக்கு ஆர்டர் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனியில் ஒருவர் டப்பாவிலிருந்து எண்ணி எடுத்து, சின்ன உறையில் போட்டுத் தபாலில் சேர்க்கிறார். கட்டையின் விலை ஒரு பங்கு என்றால் தபால் கூலி பல பங்கு. 2019 டிசம்பரில், இணையத்தில் வாங்கிய வெளிநாட்டுச் சரக்கு 'பரிசு' என்ற பெயரில் வரியில்லாமல் வருவதை இந்திய அரசு நிறுத்தியது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு. 2020 பட்ஜெட்டில் பொம்மை மீதான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆயிற்று, 2023-இல் 70. மலிவான, தரங்கெட்ட சீனப் பொம்மைகளைத் தடுக்கவும் உள்நாட்டுத் தொழிலை வளர்க்கவும் போட்ட வரி. அதில் நியாயம் உண்டு. விளாச்சேரிக்காரர்களும் பொம்மைத் தொழிலாளிகள்தானே. ஆனால் யாரோ விளையாடி முடித்த ஐம்பது பழைய கட்டைக்கும் அதே கதவுதான். கடல் கடந்து வரும் 3001, பில்லுண்டில் பிறந்தபோது இருந்த விலையைவிடப் பல மடங்கு கனத்துத்தான் வைகைக் கரைக்கு வந்து சேரும். நம் ஊரில் இந்தப் பழக்கம் வேர் பிடிக்காமல் வசதி உள்ளவர்களோடு நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கம்பெனி வந்த பிறகு சந்தையில் என்ன மாறியது? நல்லதும் நடந்தது. ரசிகர்கள் அனுப்பி, பத்தாயிரம் பேர் ஆதரவு வாங்கியும் கம்பெனியின் ஐடியாஸ் திட்டத்தில் தேறாமல் போன வடிவங்களுக்கு 2021-இல் பிரிக்லிங்க் மூலம் இரண்டாவது வாய்ப்புக் கிடைத்தது. அசல் கட்டைகளோடு பெட்டியாகவே வந்தன, வடிவமைத்தவருக்கும் பங்கு கிடைத்தது. 2023 நவம்பரில் திருட்டுத்தனமாகக் கணக்குகளுக்குள் நுழைந்தவர்களால் சந்தையைச் சில நாள் மூட வேண்டியிருந்தபோது, பின்னால் ஒரு பெரிய கம்பெனி நின்றது உதவிதான். தனி ஆளாக ஜெசெக் அதை எப்படித் தாங்கியிருப்பார்?

ஆனால் இன்னொன்றும் நடந்தது. லெகோ செய்யாத சில சில்லறைச் சாமான்களைச் சிறு பட்டறைக்காரர்கள் செய்து அந்தச் சந்தையில் விற்றுவந்தார்கள். சின்ன உருவங்களின் கையில் பிடிக்கிற கருவிகள், கூடுதல் ஓவியம் அச்சடித்த கட்டைகள், இப்படி. உரிமை மாறிய பிறகு அவற்றுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. எங்கள் பரவைச் சந்தையை ஒரு விதைக் கம்பெனி வாங்கிவிட்டால், முதல் வருஷம் கூரை புதிதாக இருக்கும், தராசு சரியாக இருக்கும், விளக்கு பிரகாசமாக எரியும். அடுத்த வருஷம் வேறு விதையில் விளைந்த கத்தரிக்காய்க்கு இடம் இருக்குமா என்ற கேள்வி ஒவ்வொரு விவசாயி மனதிலும் இருக்கும். பிரிக்லிங்கில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. தன் சரக்கைத் தானே விற்கிறவன், அந்தச் சரக்கின் பழைய விலை தீர்மானமாகிற இடத்துக்கும் சொந்தக்காரனாக இருப்பது எனக்குச் சம்மதமில்லை. புதுப் பெட்டிக்குப் போட்டி பழைய கட்டைதான். இன்று நடத்துகிறவர்கள் நேர்மையாக நடத்தலாம். நாளை வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் விதி எழுத வேண்டும்.

நீதிமன்றம் கட்டையின் வடிவத்தைத் தர மறுத்தது. வடிவத்தைப் பற்றிய அறிவு முழுவதும் சேர்ந்திருந்த இடத்தைக் கம்பெனி பணம் கொடுத்து வாங்கிக்கொண்டது. சட்டப்படி அதில் தவறு இல்லை. ஆனால் அந்த அறிவு சம்பளம் வாங்காத ஆயிரக்கணக்கான பேர் இரவில் கண் விழித்து எண்ணி எழுதியது. ஜெசெக் இறந்தார், கிம்மும் 2022 பிப்ரவரியில் ஹவாயில் இறந்துபோனார். எழுதியவர்களில் பலர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சந்தை கம்பெனியுடையதாக இருக்கட்டும். அட்டவணை எழுதியவர்களுக்குத் திறந்தே இருக்கவேண்டும். யார் வேண்டுமானாலும் நகலெடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ளும்படி லெகோ அதைப் பொதுவில் விட்டுவிட வேண்டும். அதற்கு ஆகும் செலவு அந்தக் கம்பெனிக்கு ஒரு பொருட்டே அல்ல.

நம் வீட்டுப் பொம்மைகளுக்கும் இது பொருந்தும். இந்த நவராத்திரிக்குக் கொலுப் பெட்டியைத் திறக்கும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொம்மையும் எந்த ஊரில் வாங்கியது, யார் செய்தது, மண்ணா காகிதக் கூழா மரமா, எத்தனை அங்குலம், எந்த வருஷம், என்ன விலை என்று எழுதி, ஒரு படமும் எடுத்து வையுங்கள். பாட்டிக்கு நினைவிருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.